எச்சில் என்ற சொல்லும் எங்கள் முதலியாரும்

சுன்னாகம் சந்தையில் வெங்காயத்துக்கு விலை பேசிக்கொண்டு நின்றேன். எங்கள் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், நெடுங்காலம் சேவகராக இருந்து இளைப்பாறிய சின்னையா, சனத்துக்குள் என்னைக் கண்டு, தோளில் கிடந்த துவாயை இறக்கியபடி வந்தார். அவர் அதை இறக்கிய விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

“முதலியார் விடியப்புறமாக் காலமாயிட்டார், ஐயா. உங்களுக்கு ஆள் அனுப்பினவை. நீங்கள் வீட்டிலை இல்லையெண்டு திரும்பி வந்திட்டுது.”

சைக்கிளை உரும்பிராய்ப் பக்கம் திருப்பினேன். வழியில் எனக்கு அழுகை வரவில்லை. அந்த வீட்டு வாசற்படலையில் யார் நிற்பார்கள், யார் நிற்க மாட்டார்கள் என்ற பயந்தான் இருந்தது. போய்ப் பார்த்தால் முற்றம் நிறையச் சனம். முதலியாருடைய மைத்துனர் நாகலிங்கம் மாத்திரம் வீட்டு முன் ஒழுங்கையின் மறுபக்கத்தில், வேலியோடு தனியே நின்றார். பிரேதம் எடுக்கும்வரை உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. பிறகு எல்லோருக்கும் கடைசியாகச் சுடலைக்கு நடந்தார். அவர் ஏன் அப்படி நின்றார் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

வேலாயுதபிள்ளை முதலியாரைக் கோட்டு முதலியாராகத்தான் ஊர் அறியும். சாட்சிகள் தமிழில் சொல்வதை நீதவானுக்கு ஆங்கிலத்திலும், நீதவான் கேட்பதைச் சாட்சிகளுக்குத் தமிழிலும் மாற்றிச் சொல்வது அவருடைய உத்தியோகம். அதே கோட்டில் நான் அவருக்கு அடுத்த மொழிபெயர்ப்பாளர். கோட்டுக்குள்ளே நான் அவரை முதலியார் என்பேன். வெளியே வந்தால் அண்ணை.

அவருடைய போக்கு எப்படிப்பட்டது என்று சொல்ல ஒரு சின்ன வழக்குப் போதும். எல்லை வேலியை வெட்டிய வழக்கு. கூண்டில் நின்ற கிழவர், “உவன்தான் வெட்டினவன்” என்றார். நான் அன்று முதலியாருக்குப் பதிலாக நின்றிருந்தால் ‘அவன்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். முதலியார் போகவில்லை. ஆங்கிலத்தில் இவனும் அவனும் உண்டு, நடுவிலே நிற்கும் உவன் இல்லை, ஆளைக் கையால் காட்டச் சொல்ல வேண்டும் என்று நீதவானிடம் அனுமதி கேட்டார். கிழவர் கையை நீட்டினார். அது குற்றவாளிக் கூண்டை நோக்கி நீளவில்லை. பக்கத்தில் இருந்த, முறைப்பாட்டுக்காரருடைய சொந்தத் தம்பியை நோக்கி நீண்டது. வழக்கு அந்த இடத்திலேயே சரிந்தது.

“சொல்லைத் திருத்துறது அப்புக்காத்துமாற்றை வேலை,” என்று வழக்கறிஞர்களைச் சுட்டி அவர் சொல்லுவார். “எங்கடை வேலை காவிக்கொண்டுபோய்க் குடுக்கிறது மட்டும்.”

இனி வள்ளியின் வழக்குக்கு வருகிறேன். அது உலக யுத்தத்துக்கு முந்திய காலம். எங்கள் கோட்டுக்கு இங்கிலாந்திலிருந்து ஓர் இளம் நீதவான் வந்திருந்தார்.

வள்ளியின் குடும்பம் தலைமுறையாக, பல தோட்டங்களுக்குச் சொந்தக்காரரான ஒரு பெரிய தோட்டக்காரர் வீட்டுக்குக் குடிமை வேலை செய்த குடும்பம். அந்த வீட்டு மகளின் கலியாணத்துக்கு வள்ளிதான் நெல்லுக் குத்தினாள், மா இடித்தாள். கூலிக்குச் சோறு என்று பேச்சு. பந்தியெல்லாம் முடிந்தபிறகு அவளை வீட்டின் பின்னால் கோடிப்பக்கம் கூப்பிட்டு, ஓர் ஓலைக் கடகம் நிறையச் சோறு கொடுத்தார்கள். அவள் கடகத்தைப் பார்த்தாள். “இது இலையிலை வழிச்சது, எனக்கு வேண்டாம்” என்று சொல்லி, வாசற்படலையடியில் கடகத்தைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பொழுதுபடுமுன் அந்த வீட்டு மூத்த மகனும் வேறு இரண்டு பேரும் அவளுடைய கொட்டிலுக்குப் போனார்கள். அவளுடைய புருஷன் கந்தனை வெளியே இழுத்து, உலக்கையால் அடித்துக் கையை முறித்தார்கள்.

அடித்ததை எதிரிகளான அந்த மூன்று பேரும் மறுக்கவில்லை. மறுத்தால் நம்ப ஆள் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். கொழும்பிலிருந்து அழைத்துவந்த அவர்களுடைய அப்புக்காத்து வேறு வழி பிடித்தார். ஒரு மங்கல நாளில், மனமுவந்து கொடுத்த நல்ல சோற்றை, மணப்பெண்ணின் வாசலில் கொட்டி அவமதித்தாள். அந்த ஆத்திரத்தில் பிள்ளைகளின் கை நீண்டுவிட்டது என்பது அவருடைய வாதம். கொட்டியது நல்ல சோறு என்றால் ஆத்திரத்துக்கு ஒரு நியாயம் உண்டு. தண்டனை பேருக்கு ஏதோ இருந்துவிட்டுப் போகும். கொட்டியது எச்சில் என்றால் அந்த நியாயம் இல்லை. ஆகவே முறிந்த கையை விட்டுவிட்டு, கடகத்துக்குள் கிடந்தது என்ன என்பதில் வந்து நின்றது வழக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டக்காரர், முதலியாருடைய மனைவி தங்கம்மாவுக்குச் சிறிய தகப்பன் முறை. வழக்குத் தொடங்கும் முன்பே முதலியார் இதை நீதவானிடம் சொன்னார். எதிரிகளின் தரப்பில் ஆட்சேபம் எழவில்லை. எழவில்லை என்ன, அவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

வள்ளி கூண்டில் ஏறினாள். அவளுக்கு நேரே, முன்வரிசை வாங்கில் தோட்டக்காரரும் நாகலிங்கமும் இருந்தார்கள். கடகத்தில் என்ன இருந்தது என்று கேட்கப்பட்டபோது அவள், “அவை தந்தது எச்சில், ஐயா” என்றாள். அவை என்றது கலியாண வீட்டாரை.

வழக்கமாகச் சாட்சி வாயை மூடுமுன் முதலியாரின் ஆங்கிலம் தொடங்கிவிடும். அன்று அவர் சற்று நின்றார். முன்வாங்கில் இருந்தவர்கள் அவரையே பார்த்தார்கள். பிறகு அவர், “ஓர்ட்ஸ்” என்றார்.

நீதவான் நிமிர்ந்தார். “ஓட்ஸ்? குதிரைக்குப் போடும் தானியமா? இங்கே கலியாணத்துக்கு அதையா சமைக்கிறார்கள்?”

கோடு சிரித்தது. அப்புக்காத்தும் சிரித்தார். வள்ளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். சிரிப்பு அடங்கும்வரை முதலியார் நின்று, ஓ, ஆர், டி, எஸ் என்று எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். “இந்தச் சொல்லை நான் என் மாமனின் பண்ணையில் கேட்டிருக்கிறேன். தொட்டியில் மாடு தின்னாமல் விடுகிற வைக்கோல். இந்தப் பெண்ணுக்கு மாட்டுத் தீனியா கொடுத்தார்கள்?”

அப்புக்காத்து உடனே எழும்பினார். விருந்து நடந்த வீட்டில் உணவு மிஞ்சுவது உலக வழக்கம், அதற்கு ‘லெஃப்ட் ஓவர்’ என்று எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது முதலியார் மாட்டுக்கொட்டிலிலிருந்து ஒரு சொல்லை ஏன் இழுத்து வருகிறார் என்று கேட்டார். ‘லெஃப்ட் ஓவர்’ என்றே பதிய வேண்டும் என்றார். நீதவான் விசாரணையை மறுநாளுக்கு ஒத்திவைத்தார்.

அன்று பின்னேரம், கோட்டுக் கந்தோரில் இருந்த பெரிய ஆங்கில அகராதியை முதலியார் என் முன்னால் விரித்தார்.

“பாரும். ஒல்லாந்தற்றை பழைய பாஷைப் பக்கத்தாலை வந்த சொல்லாம். தின்னாமல் விட்டது எண்டு கருத்து. மாடு மோந்து பாத்துப்போட்டு விட்டதுக்கும் சொல்லுறது, மனிசர் தட்டிலை விட்டதுக்கும் சொல்லுறது. அனேகமாப் பன்மையிலைதான் வரும். இப்ப வழக்கு ஒழிஞ்சுபோச்சு.”

“அப்ப ‘லெஃப்ட் ஓவர்’ எண்டு விட்டால் என்ன, அண்ணை?”

“அது பானையிலை மிஞ்சினதுக்கும் பொருந்தும். பானையிலை மிஞ்சினதை நாளைக்கு நீரும் நானும் தின்னுவம். அவள் சொன்னது அதில்லையே.” அகராதியை மூடிவிட்டு அதன்மேல் கையை வைத்தார். “ஆனா இதுவும் முழுக்கச் சரியில்லை. அவங்கடை சொல் தின்னாததைப் பற்றிக் கதைக்குது. எங்கடை சொல் வாய் பட்டதைப் பற்றிக் கதைக்குது.”

இருவரும் ஒன்றாகச் சைக்கிளில் திரும்பினோம். அவருடைய வீட்டு வாசலில் நாகலிங்கம் காத்துக்கொண்டு நின்றார். நான் விடைபெறப் போனபோது முதலியார், “இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்றார். தனியே இருக்க அவருக்கு விருப்பமில்லை என்று தெரிந்தது.

நாகலிங்கம் சுற்றி வளைக்கவில்லை. “அத்தான், மிச்சம் எண்ட கருத்திலை சொல்லிவிட்டால் என்ன? எச்சிலும் மிச்சந்தானே. நான் பொய் சொல்லச் சொல்லிக் கேக்கேல்லை.”

“பொய்யில்லைத்தான், தம்பி. ஆனா அவள் அந்தச் சொல்லைச் சொல்லேல்லை.”

“அவள் ஒரு சொல்லுச் சொன்னாள் எண்டு எங்கடை பொடியன் மறியல் வீட்டுக்குப் போறதோ?”

“பொடியன் போறதெண்டால் கையை முறிச்சதுக்குப் போறான். சொல்லுக்குப் போகேல்லை.”

தங்கம்மா தேத்தண்ணியோடு கதவடியில் நின்றா. நாகலிங்கம் தமக்கையைப் பார்த்தார். அவ குனிந்து தேத்தண்ணியைப் பார்த்தா. அவர் எழும்பிச் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டார்.

“கிணறு பங்குக் கிணறு எண்டதை மறந்துபோகாதேங்கோ, அத்தான்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. முதலியாரின் தோட்டத்துக்குத் தண்ணீர் தந்த அந்தக் கிணற்றில் தங்கம்மாவின் உறவினருக்கும் பங்கு இருந்தது. அவர் போனபிறகு தங்கம்மா தேத்தண்ணியை எங்கள் முன்னால் வைத்துவிட்டு, “அவன் சொன்னால் செய்வான்” என்றா.

“தெரியும்,” என்றார் முதலியார்.

மறுநாள் கோடு நிறைந்து, சனம் விறாந்தையிலும் நின்றது. அப்புக்காத்து எழும்பியதும் சொல்லைப் பற்றிப் பேசவில்லை, ஆளைப் பற்றிப் பேசினார். முதலியார் சாட்சிக்குத் தன்னுடைய சொல்லை இரவல் கொடுக்கிறார், வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்க வேண்டும் என்றார். நீதவான் என் பக்கம் திரும்பினார். எச்சில் என்பதற்கு ஆங்கிலம் என்ன?

எழுந்தேன். முன்வாங்கில் நாகலிங்கம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அந்தப் பகுதியில் காணி உண்டு, கலியாணம் செய்து கொடுக்க வேண்டிய தங்கைகள் உண்டு. முதலியார் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது என்னை நெருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“‘லெஃப்ட் ஓவர்’ அல்ல. பிறருடைய வாய் பட்டு எஞ்சியதை நாங்கள் எச்சில் என்போம். ஒரு சொல்லில் சொல்வதானால் முதலியார் சொன்னதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரியாது,” என்று சொல்லிவிட்டு இருந்தேன். கையில் இருந்த கடுதாசியை மடித்தேன். அதை மேசைமேல் வைத்தேன்.

நீதவான் சற்று யோசித்துவிட்டு, முதலியாரையே தொடரும்படி சொன்னார். பிறகு வள்ளியிடம் நேரே ஒரு கேள்வி கேட்டார்: அந்தச் சோறு இலையிலிருந்து எடுத்தது என்று உனக்கு எப்படித் தெரியும்?

“வாழையிலைக் கிழிசல் கிடந்தது, ஐயா. சப்பித் துப்பின முருங்கைக்காய்ச் சக்கை கிடந்தது. பானைக்குள்ளை ஆர் சக்கை துப்புறது?”

முதலியார் ஒவ்வொரு வாக்கியமாக மாற்றிச் சொன்னார். முருங்கைக்காய்ச் சக்கை என்றால் என்ன என்று நீதவான் கேட்டார். அதை விளக்க முதலியாருக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் அவர் அந்தக் கேள்வியை வள்ளியிடமே தமிழில் கேட்டார். வள்ளி கையை வாயருகே கொண்டுபோய், முருங்கைக்காயைப் பல்லுக்கிடையே வைத்து இழுத்துச் சப்பி, சக்கையை எடுத்து இலை ஓரம் வைப்பதைச் செய்து காட்டினாள். அதற்கு எவரும் சிரிக்கவில்லை. நீதவான் நெடுநேரம் எழுதினார்.

அப்புக்காத்து கெட்டிக்காரர். சோற்றை விட்டுவிட்டார். இந்த நாட்டில் கோயிலில் கடவுளுக்குப் படைத்து எஞ்சியதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்கிறார்கள், புருஷன் உண்ட இலையில் பெண்சாதி உண்கிறாள், அது அன்பு, அதில் அவமானம் இல்லை என்றார். வள்ளியைப் பார்த்து, “நீயும் உன்ரை புருஷன்ரை இலையிலை சாப்பிடுறனிதானே?” என்று தமிழிலேயே கேட்டார்.

“ஓம், ஐயா.”

“அப்ப எச்சில் எண்டால் என்ன குறை?”

வள்ளி முதல் தடவையாக முன்வாங்கைப் பார்த்தாள். தோட்டக்காரரைப் பார்த்தாள். “நான் அவைக்குப் பெண்சாதியோ, ஐயா?”

விறாந்தையில் நின்றவர்கள் வரைக்கும் அது கேட்டது. தோட்டக்காரர் எழும்பப் போனார்; நாகலிங்கம் அவருடைய கையைப் பிடித்து இருத்தினார். இனி அந்த வாக்கியம் முதலியாரின் வாயால் வர வேண்டும். தன் மனைவியின் சிறிய தகப்பனை முன்னால் வைத்துக்கொண்டு, வேலைக்காரப் பெண் ஒருத்தி அவரைப் பார்த்துக் கேட்டதை அவர் சொல்ல வேண்டும். கொஞ்சம் மழுப்பினால், ‘இவர்கள் எனக்கு உறவில்லை’ என்பதுபோல ஏதாவது சொன்னால், ஒருவரும் குற்றம் கண்டிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. அவள் சொன்ன அளவுக்கே சொல், அவள் சொன்ன அளவுக்கே குரல். கேள்வியாகவே கேட்டு நிறுத்தினார்.

அப்புக்காத்து மேற்கொண்டு கேள்வி இல்லை என்று சொல்லிக் கதிரையில் இருந்துவிட்டார்.

தீர்ப்பில் ஆத்திர நியாயம் ஏற்கப்படவில்லை. மூத்த மகன் மறியல் வீட்டில் அடைபட்டான். மற்ற இரண்டு பேருக்கும் குற்றப்பணம். கடகத்தில் கிடந்தது என்ன என்ற இடத்தில் நீதவான் முதலியாரின் சொல்லையே எழுதியிருந்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது முதலியார் வீட்டுப் பங்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் துலாக்கயிறு இல்லை. அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். புதுக்கயிறு போட்டார், அதுவும் மறுநாள் இல்லை. தண்ணீர் முறை கேட்கப் போனவருக்கு, முறை எல்லாம் மாறிவிட்டது என்று பதில் வந்தது. அவருடைய வெங்காயத் தோட்டம் காய்ந்து நிலத்தோடு கிடந்தது. வெளுக்க உடுப்பு எடுக்கிறவர் வரவில்லை, தலைமயிர் வெட்டுகிறவர் வரவில்லை, அவர்களுக்கும் பயம். தங்கம்மா கோயில் கிணற்றிலிருந்து குடத்தில் குடிதண்ணீர் சுமந்தா. அந்த நாட்களில் புருஷனும் பெண்சாதியும் அதிகம் கதைக்கவில்லை என்பதைப் போய்வந்த நான் கண்டேன். அவவுக்கு அவர்மேல் கோபம் என்றே நினைத்தேன்.

ஒருநாள் நான் அங்கே இருக்கும்போது ஓர் உறவுக்காரப் பெண் வேலிக்கு மறுபக்கம் நின்று, “ஒரு சொல்லாலை உங்கடை தோட்டம் போச்சு, அக்கா” என்றாள்.

“சொல்லாலை போகேல்லை,” என்றா தங்கம்மா. “கயிறு அறுத்ததாலை போச்சு.”

முதலியார் உள்ளே இருந்து அதைக் கேட்டார்.  அன்று அவர் குடத்தை எடுத்துக்கொண்டு தங்கம்மாவோடு கோயில் கிணற்றுக்கு நடந்தார். கோட்டு முதலியார் குடத்தோடு போவதை ஒழுங்கையே பார்த்தது.

காலப்போக்கில் மற்றவர்கள் தணிந்தார்கள். தண்ணீர் முறையும் திரும்பி வந்தது. நாகலிங்கம் மாத்திரம் அந்தப் படலைக்குள் கால் வைக்கவில்லை. வள்ளியும் கந்தனும் ஊரைவிட்டுத் தென்மராட்சிப் பக்கம் போய்விட்டார்கள். கந்தனின் கை நேராகவே இல்லை என்று கேள்விப்பட்டேன். முதலியாரின் மரணச் செய்தி அவர்களுக்குப் போனதோ, தெரியாது.

கடைசியாக நான் அவரைக் கண்டபோது அவருக்கு மூச்சிளைப்பு அதிகம். தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து இருந்தார். கோட்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்த என்னை இடையில் நிறுத்தினார்.

“அந்த வழக்கிலை நான் பிழை விட்டனான்.”

 இத்தனை வருஷத்துக்குப் பிறகு, இழந்ததையெல்லாம் நினைத்து மனம் மாறிவிட்டாரோ என்று பயந்தேன். தங்கம்மாவும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தா.

“ஓர்ட்ஸ் எண்டு சொல்லியிருக்கக் கூடாது. எச்சில் எண்டே எழுதுங்கோ, இதுக்கு இங்கிலிஷ் இல்லையெண்டு சொல்லியிருக்க வேணும். சொல்ல வெக்கப்பட்டன். முதலியாருக்குத் தெரியாதாம் எண்டு நினைப்பாங்கள் எண்டு. அதுதான் செத்துப்போன சொல்லு ஒண்டைத் தேடிப் பிடிச்சுக் குடுத்தன். அவங்கள் அவளைப் பாத்துச் சிரிச்சது என்னாலைதானே.”

“அப்பிடிச் சொல்லியிருந்தால் அப்புக்காத்து விட்டிருப்பாரோ, அண்ணை?”

“விட்டிருக்க மாட்டார். எழும்பிக் கத்தியிருப்பார்.” மூச்சு வாங்கியது; அது அடங்கும்வரை நாங்கள் இருவரும் காத்திருந்தோம். “கத்தட்டுமே.”

இதுதான் அவர் என்னோடு கோட்டு விஷயமாகக் கதைத்த கடைசிப் பேச்சு.

அவருடைய ஆங்கிலம் எனக்கு வரவில்லை. அவருடைய நிதானமும் எனக்கு இல்லை.  தனக்கு அன்று வராமற்போனது என்று அவர் சொன்ன அந்தத் துணிவை மாத்திரம் அவர் பேரில் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சென்ற கிழமை, புருஷனிடம் தாபரிப்புப் பணம் கேட்டு ஒரு வழக்கு. கலியாணமாகிச் சில மாதத்தில் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணொருத்தி கூண்டில் நின்றாள். “என்னை வாழாவெட்டி எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியினம், ஐயா” என்றாள். நீதவான் என்னைப் பார்த்தார். வாயில் இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்கள் வந்து நின்றன. எல்லாம் கிட்டத்தட்டச் சரியானவை. இதற்கு ஆங்கிலம் இல்லை, தமிழிலேயே பதியுங்கள் என்றேன். நீதவானின் பேனா நின்றது. எதிர்த்தரப்பு அப்புக்காத்து எழும்பி, உரத்த குரலில் ஆட்சேபம் சொல்லத் தொடங்கினார்.

அவர் சொல்லி முடிக்கும்வரை நின்றேன். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, “பிள்ளை, அந்தச் சொல்லுக்கு என்ன கருத்தெண்டு நீயே சொல்லு” என்றேன்.